குறி தப்பிய புதுத் துப்பாக்கியும் பொறுக்கியெடுத்த துணிகளும்

ஐந்து குண்டு சுட்டேன். ஐந்தும் தாளில்தான் பட்டிருந்தன. பெருமை பேச வேண்டுமென்றால் அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். மேலே இடப்பக்கம் ஒன்று, கீழ் ஓரத்தில் ஒன்று, மற்ற மூன்றும் ஆளுக்கொரு மூலையில். மொத்தம் ஒரு சாப்பாட்டுத் தட்டின் அகலம். தூரமோ வெறும் 50 கஜம். துப்பாக்கியை மணல் மூட்டையில் கிடத்தி, மூச்சை அடக்கி, நிதானமாகச் சுட்டதன் லட்சணம் இது. பக்கத்து மேசையில் இருந்த பெரியவர் எதையும் பார்க்காததுபோல் தன் துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்த நாகரிகம்தான் அதிகம் உறுத்தியது.

நான் இருப்பது பென்சில்வேனியாவின் கிழக்குப் பகுதி. 18ஆம் நூற்றாண்டில் இங்கே குடியேறிய ஜெர்மானிய, சுவிஸ் கொல்லர்கள் லங்காஸ்டர் வட்டாரத்தில் வளர்த்தெடுத்த நீண்ட குழல் துப்பாக்கிகளுக்குப் பெயர்போன மாநிலம். வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி இங்கே அருங்காட்சியகப் பொருள் மட்டும் அல்ல, வாரக்கடைசி விளையாட்டும்கூட. கிறிஸ்துமஸுக்குப் பிறகு சக்கிமுக்கிக் கல் துப்பாக்கிக்கென்றே தனியாக ஒரு மான் வேட்டைப் பருவம் உண்டு. நான் வேட்டைக்காரன் அல்ல. தாளில் ஓட்டை போடுகிறவன். சிறுவயதில் கோயில் திருவிழாவில் அதிர்வேட்டு போடுகிறவரின் பின்னாலேயே அலைந்து பழகிய மூக்கு, கரிமருந்துப் புகையை இங்கே கண்டதும் மறுபடியும் அலையத் தொடங்கிவிட்டது.

வாங்கியது .50 காலிபர். குழலின் உள்விட்டம் அரை அங்குலம், அதாவது 12.7 மி.மீ. 19ஆம் நூற்றாண்டில் செயின்ட் லூயி நகரில் ஹாக்கன் சகோதரர்கள் செய்த துப்பாக்கியின் சாயலில் இன்றைய தொழிற்சாலை ஒன்றில் செய்தது. குழலுக்குள் ஆறு சுருள் பள்ளங்கள். 48 அங்குல நீளத்துக்கு ஒரு முழுச் சுற்று என்ற கணக்கில் திரும்புகின்றன. அமெரிக்கக் கூட்டரசுச் சட்டம் இந்த வகையைப் பழம்பொருள் துப்பாக்கிகளோடு சேர்த்து வைத்திருக்கிறது. ஊரில் இருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: இந்தியாவில் இதற்கும் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும்.

கெட்டிப்பது இப்படி. அளந்த கரிமருந்தைக் குழல்வாயில் கொட்ட வேண்டும். மசகு தடவிய ஒரு துணித்துண்டை வாயின் மேல் விரித்து, அதன் நடுவில் ஈயக் குண்டை வைத்து, குட்டைக் கோலால் தட்டி உள்ளே இறக்கி, பிறகு நீண்ட இடிகோலால் மருந்தின் மேல் போய் உட்காரும்வரை தள்ள வேண்டும். பின்னால் குதிரையை விரித்து, தீபாவளிப் பொட்டு வெடிக்கு அண்ணன் மாதிரி இருக்கும் செப்புக் கேப்பை, மருந்துக்கு நெருப்பு போகும் துளையுள்ள மூக்கில் மாட்டினால் தயார். குண்டு குழலைவிடச் சிறியது, என்னுடையது 0.490 அங்குலம், 12.45 மி.மீ. ஆகவே குண்டு பள்ளங்களைத் தொடுவதே இல்லை. பள்ளத்தைக் கவ்வுவதும், சுழற்சியைக் குண்டுக்குக் கொடுப்பதும், பின்னாலிருந்து வரும் வாயுவை அடைப்பதும் எல்லாம் அந்தத் துணிதான். இதைப் படித்திருந்தேன். படித்ததற்கும் புரிந்ததற்கும் நடுவே மூன்று மாதம் இருந்தது.

முதலில் செய்த முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். பித்தளை உளியும் சுத்தியும் எடுத்து, பின் குறியை (குறி பார்க்கக் குழலின் மேல் இருக்கும் இரண்டில் கண்ணுக்கு அருகில் உள்ளது) வலப்பக்கமாகத் தட்டினேன். அடுத்த ஐந்து குண்டுகள் வலப்பக்கமாகச் சிதறின. சிதறல் அப்படியேதான் இருந்தது, குடியிருப்பு மட்டும் மாறியிருந்தது. மருந்தைக் கூட்டினேன், குறைத்தேன். குழலை மரத்தோடு பிடிக்கும் ஆப்பு தளர்வோ என்று இறுக்கிப் பார்த்தேன். ஒரே மாலையில் நாலு விஷயத்தை மாற்றினால் எது எதைக் கெடுத்தது என்று பிரம்மாவுக்கும் தெரியாது.

இரண்டாவது சனிக்கிழமை பெரியவர் வாய் திறந்தார். "துணி எங்கே?" என்றார். பையிலிருந்து புதுத் துணிப் பொட்டலத்தை எடுத்து நீட்டினேன். "இது இல்லை, சுட்ட துணி" என்றார்.

சுடுவதை எல்லோரும் நிறுத்தியிருக்கும் வேளையில் அவரோடு முன்னால் நடந்தேன். குழல்வாயிலிருந்து பத்து, பதினைந்து அடி தள்ளிப் புல்லில் கறுப்பாகக் கிடந்தன. அதுவரை அவற்றைக் குப்பை என்றே நினைத்திருந்தேன். ஏழு துண்டுகள் கிடைத்தன. மேசையில் வரிசையாக விரித்தபோது எனக்கே புரிந்துவிட்டது. ஒன்றுகூட முழுசாக இல்லை. நடுவில் குண்டு உட்கார்ந்த வட்டம் புகையேறிக் கறுத்திருந்தது, அது முறைதான். ஆனால் அந்த வட்டத்தின் விளிம்பைச் சுற்றி, கத்தியால் கீறியதுபோல் சிறு வெட்டுகள். எண்ணினேன்: ஆறு. குழலுக்குள் எத்தனை மேடோ அத்தனை வெட்டு. சில துண்டுகளில் வெட்டுக்கும் வெட்டுக்கும் இடையே துணி கருகி ஓட்டையாகியிருந்தது. இரண்டு துண்டுகளில் நடுவட்டமே கழன்று வெறும் வளையம்தான் மிஞ்சியிருந்தது. இப்படிப்பட்ட துணி குண்டை ஒருமுறை பிடிக்கும், ஒருமுறை விட்டுவிடும். தாளில் தெரிந்தது அதுதான்.

வெட்டியது எது? சுடும்போது நெருப்பா, கெட்டிக்கும்போது இரும்பா? இதற்குப் பெரியவர் சொன்ன சோதனை எளிமையானது. எனக்கு மிகவும் பிடித்துப்போனது. மருந்தே போடாமல், துணியோடு குண்டை அடிவரை இறக்கினேன். பிறகு கேப் மாட்டும் மூக்கில் பொருந்துகிற கரியமில வாயுக் குப்பி ஒன்றை வைத்து அழுத்தினால், குண்டும் துணியும் "பொத்" என்று வெளியே வந்து விழுகின்றன. நெருப்பே காணாத அந்தத் துணியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். ஆறு இடத்திலும் ஊசிவெளிச்சம். ஆக, குற்றவாளி இரும்பு. புதுக் குழலில் பள்ளம் வெட்டிய கருவி மேடுகளின் ஓரத்தைச் சவரக்கத்தி போல விட்டுச் சென்றிருக்கிறது. இது புதுக் குழல்களில் சாதாரணமாக நடப்பதுதான், நூறு இருநூறு குண்டு போனால் தானாகவே மழுங்கும் என்கிறார்கள். எனக்கு அவ்வளவு பொறுமை இல்லை.

குழலை மரத்திலிருந்து கழற்றி, மூக்கையும் திருகி எடுத்தேன். முதல் வேலை, தொழிற்சாலைக்காரர்கள் துரு ஏறாமல் இருக்கப் பூசிய எண்ணெயைக் கரைத்து எடுப்பது. நான் வாங்கிய அன்று லேசாகத் துடைத்துவிட்டு முடிந்தது என்று எண்ணியிருந்தேன். கரைப்பானில் நனைத்த துணி ஒன்பதாவது முறைதான் வெள்ளையாக வந்தது. அடுத்து, பாத்திரம் தேய்க்கும் பச்சை நார்ப் பட்டையில் ஒரு சதுரம் வெட்டி, எண்ணெயில் தோய்த்து, துடைப்புக் கோலின் முனையில் இறுக்கமாகச் சுற்றி, மேலும் கீழுமாக ஐம்பது முறை. கோலின் கைப்பிடி தானாகச் சுழலக்கூடியதாக இருக்க வேண்டும். இல்லையென்றால் நார் பள்ளத்தின் வழியே திரும்பாமல் மேடுகளைக் குறுக்கே சீவிவிடும். ஐம்பது முறை இழுத்தபின் நாரை எடுத்துவிட்டு உலர்ந்த பருத்தித் துணியைச் சுற்றி மெல்ல இறக்கினேன். எங்கே இழை சிக்கி இழுபடுகிறதோ அங்கே இன்னும் கூர் இருக்கிறது. என் குழலில் வாயிலிருந்து ஒரு சாண் ஆழத்தில் அப்படி ஓர் இடம் இருந்தது. விரல்களுக்குக் கோல் வழியாகவே அது தெரிந்தது. அந்த இடத்துக்கு மட்டும் இன்னொரு முப்பது. இரும்பைக் குறைப்பதற்காக அல்ல, ஓரத்தின் பல்லைப் பிடுங்குவதற்காக மட்டுமே இந்தத் தேய்ப்பு. முரட்டு உப்புத்தாளை உள்ளே விட்டால் குழலே பாழ்.

குழல்வாயிலும் வேலை இருந்தது. துணி முதன்முதலில் மடங்கி உள்ளே நுழைவது அங்கேதான். கட்டைவிரல் நுனியில் நேர்த்தியான உப்புத்தாளை வைத்து, வாயில் பொருத்தி, அரைச் சுற்று இப்படி, அரைச் சுற்று அப்படி. சில நிமிடத்துக்கு ஒருமுறை குழலைக் கால்வட்டம் திருப்பிவைத்தேன். ஒரே நிலையில் வைத்துத் தேய்த்தால் கை எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் அதிகம் தேயும். வாய் ஒரு பக்கம் கோணினால் குண்டு வெளியேறும் கணத்தில் வாயு அந்தப் பக்கமாக முந்திக்கொண்டு அதை உதைக்கும். முக்கால் மணி நேரத்தில் கூர் விளிம்பு வழவழப்பான சிறு சரிவாக மாறியது. வாயுக் குப்பிச் சோதனையை மறுபடி செய்தேன். ஊசிவெளிச்சம் இல்லை.

இனி துணியின் முறை. பொட்டலத்தில் வந்த துணி 0.25 மி.மீ. தடிமன். ஒரு சின்னக் கணக்கு போடலாம். குழலுக்கும் குண்டுக்கும் உள்ள வித்தியாசம் 0.25 மி.மீ.; ஒரு பக்கத்துக்கு அதில் பாதி, சுமார் 0.13. பள்ளத்தின் ஆழம் என் குழலில் 0.2 மி.மீ. எனவே பள்ளத்தின் அடிக்கும் குண்டுக்கும் நடுவே 0.33 மி.மீ. இடைவெளி. அதில் 0.25 துணி எப்படி அடைக்கும்? மேட்டில் நசுங்கும், பள்ளத்தில் வாயு ஒழுகும். கருகிய ஓட்டைகளுக்குக் காரணம் இது. தவிர, மசகு தடவியே விற்கும் துணி அலமாரியில் கிடந்து இற்றுப்போகவும் கூடும். இரு கையாலும் பிடித்து இழுத்தேன். நனைந்த அப்பளம்போல் பிய்ந்தது.

மைக்ரோமீட்டரோடு துணிக்கடைக்குப் போனேன். துணி வெட்டும் மேசையில் நின்ற அம்மாள், நான் ஒவ்வொரு சுருளாக அளப்பதைப் பார்த்துவிட்டு, என்ன தைக்கப் போகிறீர்கள் என்று கேட்டார். துப்பாக்கிக்கு என்றேன், தயங்கித் தயங்கி. அவர் கொஞ்சமும் அசரவில்லை. தலையணை உறைத் துணி இருக்கும் வரிசையைக் காட்டி, தன் கணவருக்கு நீலக் கோடு போட்டதுதான் ராசி என்றார். பென்சில்வேனியா என்றால் இதுதான். கெட்டியாக நெய்த அந்தப் பருத்தித் துணி 0.46 மி.மீ. இருந்தது. அரை கஜம் வாங்கி, வெந்நீரில் இரண்டு முறை துவைத்துக் கஞ்சிப் பசையைப் போக்கினேன். பசை இருக்கும்வரை துணி மசகை உறிஞ்சாது. இதனோடு ஒரு விளையாட்டும் செய்து பார்த்தேன். ஈரோட்டிலிருந்து அம்மா மிளகாய்த்தூள் கட்டிக் கொடுத்தனுப்பிய காடாத் துணிப் பையை அளந்தால் 0.38 இருந்தது. துவைத்துச் சதுரமாக வெட்டிச் சுட்டேன். பாவும் ஊடும் கிழியாமல் நின்றன. ஓரம் மட்டும் சற்றுக் கருகியது. பொட்டலத் துணியைவிட எவ்வளவோ மேல். வேட்டித் துணியைச் சோதிக்கவில்லை, அளந்ததோடு சரி. அது நெருப்புக்கு ஒரு வாய்கூடக் காணாது.

மசகு விஷயத்தில் நம்மவர்களுக்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது. 1857இல் சிப்பாய்களைக் கொதிக்கவைத்த காரணங்களில் ஒன்று, என்ஃபீல்டு துப்பாக்கியின் காகிதத் தோட்டாவில் பசுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் தடவியிருக்கிறது என்ற பேச்சுதான். அதுவும் வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கி. தோட்டாவைப் பல்லால் கடித்துப் பிரிக்க வேண்டும். கொழுப்பை ஏன் தடவினார்கள் என்பது இங்கே ஐந்தாவது குண்டைத் திணறித் திணறி இறக்கும்போது தெரிகிறது. கரிமருந்து எரிந்து மிஞ்சும் கசடு அவ்வளவு. நான் முதலில் தேங்காய் எண்ணெய் தடவினேன். அக்டோபர் காலைக் குளிரில் டப்பாவோடு உறைந்து, துணி வறட்டி மாதிரி விறைத்துக்கொண்டது. பிறகு ஆலிவ் எண்ணெயில் கொஞ்சம் தேன்மெழுகு உருக்கிச் சேர்த்தது நிலைத்தது. தடவியதை விரலிடுக்கில் பிழிந்தால் சொட்டக் கூடாது. எண்ணெய் அதிகமானால் மருந்தை நனைக்கும்.

இந்த இரண்டையும் மாற்றியதும், வேறு எதையும் தொடாமல், 60 கிரெய்ன் (ஒரு கிரெய்ன் சுமார் 0.065 கிராம்) மருந்தில் ஐந்து சுட்டேன். மூன்றரை அங்குல வட்டம். முதல் நாள் தட்டு இப்போது காபி டம்ளர் வாய்க்கு வந்திருந்தது. பொறுக்கிய துணியில் வெட்டும் இல்லை, ஓட்டையும் இல்லை.

மருந்தின் அளவை அதற்குப் பிறகுதான் தொட்டேன். பித்தளை அளவுக் குழாயில் கொட்டி, பக்கத்தில் பத்துத் தட்டு தட்டி, மேல்மட்டத்தை வழித்துவிடுவது என் வழக்கம். பத்து என்றால் பத்து. எட்டுத் தட்டினால் குழாயில் குறைவான மருந்துதான் கொள்ளும். குப்பியிலிருந்து நேரே குழலில் கொட்டுவது கூடவே கூடாது. உள்ளே ஒரு கங்கு மிஞ்சியிருந்தால் கையிலிருக்கும் குப்பியே வெடிக்கும். தயாரிப்பாளரின் கையேட்டில் போட்டிருந்த உச்ச அளவுக்குக் கீழேயே நின்றுகொண்டு, 50இலிருந்து 5 கிரெய்ன் வீதம் ஏறினேன். 50இல் நாலு அங்குலம். 65இல் இரண்டரை. 70இல் மூன்று. 80இல் சிதறல் மறுபடி தலைகாட்டியது, தோளும் வலித்தது. 65 என்று நோட்டில் சிவப்பில் எழுதினேன்.

குண்டுகளை நிறுத்துப் பார்ப்பது என்று ஒரு சடங்கு உண்டு. 0.490 அங்குலச் சுத்த ஈயக் குண்டு சுமார் 177 கிரெய்ன் இருக்க வேண்டும். உள்ளே காற்றுக் குமிழ் இருந்தால் எடை குறையும். நூறு குண்டை ஒரு ராத்திரி முழுக்க நிறுத்து, பதினொன்றை ஒதுக்கினேன். ஒதுக்கிய பதினொன்றையும் வேண்டுமென்றே சுட்டும் பார்த்தேன். 50 கஜத்தில் கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசம் ஒன்றும் இல்லை. அந்த ராத்திரி தூங்கியிருக்கலாம்.

எஞ்சிய குறை என் கையில்தான் இருந்தது. நோட்டைப் புரட்டியபோது முதல் இரண்டு குண்டுகள் எப்போதும் நெருக்கமாகவும், நாலாவதும் ஐந்தாவதும் உயரே விலகியும் இருப்பது தெரிந்தது. கசடு ஏற ஏறக் குண்டு இறங்குவது கடினமாகிறது. நான் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு பலத்தில் குத்தியிருக்கிறேன். அதன் பிறகு ஒவ்வொரு குண்டுக்கும் பின் ஒரு துடைப்பு என்று வைத்துக்கொண்டேன். தண்ணீரில் இரண்டு சொட்டுப் பாத்திர சோப்பு விட்டு, நனைத்து நன்றாகப் பிழிந்த துணி ஒருமுறை கீழே போய் மேலே வரும். பிறகு உலர்ந்தது ஒருமுறை. பிழியாமல் போட்டதால் ஒரு தடவை ஈரக் கசடு நெருப்பு போகும் துளைக்குள் இறங்கி அடைத்துவிட்டது. கேப் வெடித்தது, துப்பாக்கி வெடிக்கவில்லை. குழலைக் குறிப்பலகைப் பக்கமே நீட்டியபடி ஒரு முழு நிமிடம் அசையாமல் நின்றேன். தாமதமாக வெடிக்கும் துப்பாக்கியை வாய்ப்பக்கம் எட்டிப் பார்த்தவர்கள் கதை சொல்ல இருப்பதில்லை.

இடிகோலில் ஒரு கோடும் கீறிவைத்தேன். 65 கிரெய்ன் மருந்தின் மேல் குண்டு சரியாக உட்கார்ந்தால் அந்தக் கோடு குழல்வாயோடு சமமாக நிற்கும். கோடு வெளியே தெரிந்தால் குண்டு பாதிவழியில் நிற்கிறது என்று பொருள். குறி தப்புவது இருக்கட்டும். மருந்துக்கும் குண்டுக்கும் நடுவே வெற்றிடம் இருந்தால் குழலே புடைத்துவிடலாம், பிளக்கவும் செய்யலாம்.

இவ்வளவுக்கும் பிறகு ஐந்து குண்டுகள் இரண்டு அங்குலத்துக்குள் வந்தன. ஆனால் நடுவிலிருந்து மூன்றரை அங்குலம் கீழே. இப்போதுதான் குறியைத் தொடுகிற நேரம். இந்த வகைத் துப்பாக்கியில் முன் குறிமுள்ளை வேண்டுமென்றே உயரமாக வைத்து விற்கிறார்கள். அதை அராவிக் குறைத்தால் குண்டு மேலே ஏறும். என் துப்பாக்கியில் இரண்டு குறிகளுக்கும் இடைத்தூரம் 28 அங்குலம். 50 கஜம் என்பது 1800 அங்குலம். மூன்றரையை 28ஆல் பெருக்கி 1800ஆல் வகுத்தால் 0.054 அங்குலம், சுமார் 1.4 மி.மீ. அராவியதை மறுபடி ஒட்டவைக்க முடியாது. எனவே முதலில் 0.7 மட்டும் அராவிச் சுட்டேன். பிறகு நாலு இழுப்பு, ஐந்து குண்டு, நாலு இழுப்பு, ஐந்து குண்டு. முதல் வாரம் நான் வலப்பக்கம் தட்டிய பின் குறியை, வெட்கத்தோடு பழைய இடத்துக்கே தட்டிக் கொண்டுவந்தேன்.

வீட்டில் ஒரே ஒரு புகார்தான். கரிமருந்துக் குழலை அன்றே வெந்நீரில் கழுவாவிட்டால் மறுநாள் துரு. கழுவினால் சமையலறை முழுக்க அழுகிய முட்டை நாற்றம். இப்போது பின்வாசலில் தனி வாளி.

போன சனிக்கிழமை பெரியவர் என் துணி ஒன்றைப் புல்லிலிருந்து எடுத்து வந்தார். நடுவில் கறுத்த வட்டம், அதைச் சுற்றி இழைகள் பதிந்த வெளிர் வளையம், ஓரத்தில் குஞ்சம்போல் லேசாகப் பிரிந்த நூல். நீலக் கோடு இன்னும் தெரிந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இதை மறுபடியும் போட்டுச் சுடலாம் போலிருக்கிறதே என்றார். அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். நான் அதை வீட்டுக்கு எடுத்துப்போய்த் துவைத்து, காயவைத்து, மசகு தடவி, இந்தச் சனிக்கிழமை முதல் குண்டுக்கு அதையே போட்டேன். குறித்தாளின் ஒன்பதாம் வளையத்தில், வலது ஓரம்.